மலையிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரு வரி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. உன் அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். "பொண்ணு ஏதோ கேக்குது, நீங்க இன்னா பாலு தயிருன்னு ஓடறீங்க" என்றாள். மூன்று நாளாக அந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், உட்காருகிறேன். போனில் பதில் சொன்னால் பாதியில் நீ "சரி நைனா" என்பாய், அதையே சாக்காக வைத்து நானும் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தபாலை நம்பினால் சனிக்கிழமைக்குள் வராது. சனிக்கிழமைக்குள் நீ இதைப் படித்தாக வேண்டும்.

நீ கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். படைக்குப் புதிய ஹெலிகாப்டர் வாங்குவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள். சமவெளியில் முதல் சுற்று முடிந்துவிட்டது. அதில் ஏதோ ஒரு சின்ன விஷயம் காகிதத்தில் எழுதியிருக்கிறபடி நடக்கவில்லை, அதை நீ மட்டும் கவனித்திருக்கிறாய். எந்தக் கம்பெனி, என்ன விஷயம் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். "இப்பவே வாயத் தொறந்தா எல்லாரும் மூஞ்சியத் தூக்கிக்குவாங்க நைனா. பேசாம இருந்துட்டு, கடைசியில ரிப்போர்ட்ல எழுதிடலாம்னு பாக்கறேன். சரிதானே?" என்றாய். சனிக்கிழமை வரை அந்த மெஷின் அங்கேதான் நிற்கும், பிறகு எல்லோரும் மலைக்குப் போகிறோம் என்றாய். மலைமேல் உங்களை ஏற்றிக்கொண்டு போவது பழைய ஹெலிகாப்டர்தான் என்பதையும் சொல்லி, "புதுச சோதிக்கறதுக்குப் பழசுல ஏறிப் போறோம், சிரிப்பா இல்ல?" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ செய்ய நினைப்பதை அப்படியே அச்சு அசலாகச் செய்தவன் நான். அது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கும் நேற்றுவரை தெரியாது.

நான் படையில் இருபத்தெட்டு வருஷம் ஹெலிகாப்டருக்கு ஸ்பானர் பிடித்தவன் என்று உனக்குத் தெரியும். நான் லீவில் வரும்போதெல்லாம் சின்னப் பிள்ளையாக நீ கேட்ட முதல் கேள்வி, "நைனா, புது மெஷின் வந்துச்சா?" என்பதுதான். உனக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தது மணவூர் ஏகாம்பரம் மாமா. அவனும் நானும் ஒரே ஹெலிகாப்டர் கொட்டகையில் வேலை பார்த்தோம், லீவு கிடைத்தால் ஒரே ரயிலில் வந்தோம், அவன் மணவூரில் இறங்குவான், நான் திருத்தணி வரை வருவேன். உனக்கு விளையாட ஒரு பழைய பேரிங் கொண்டுவந்து கொடுத்தானே, அது இப்போது இந்தக் காகிதம் பறக்காமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. "இதுக்கு ஆயுசு முடிஞ்சிட்ச்சு பாப்பா, ஆனா நல்லாத்தான் சுத்துது" என்று அவன் தரையில் உருட்டிவிட, நீ வீடு முழுக்கத் துரத்திக்கொண்டு ஓடினாய். எங்கள் மெஷின்களும் அப்படித்தான் இருந்தன. ஆயுள் முடியும், மேலிருந்து ஆயுளை நீட்டித்து ஒரு காகிதம் வரும், நாங்கள் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி ஏற்றுவோம். உதிரிப் பாகம் கிடைக்காதபோது ஒரு மெஷினை மூலையில் நிறுத்தி, அதிலிருந்து கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவோம். மூலையில் நின்றது எலும்பும் தோலுமாக ஆகும். பனிமலையில் காவல் நிற்கிற பையன்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோக, நோயாளியைக் கீழே இறக்க, வேறு வழி கிடையாது. புது மெஷின் வந்தால் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கிறேன் என்று ஏகாம்பரம் வேண்டிக்கொண்டான். ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும், "இந்த வருஷம் இல்லண்ணா, அடுத்த வருஷம்" என்பான்.

என் அக்கா வீட்டுக்காரர், உன் ஆர்.கே.பேட்டை மாமா, அதுதான் எங்கள் பாவா, என்னைச் சீண்டுவதற்கென்றே விசைத்தறி வாங்கினாரோ என்று தோன்றும். காலையில் பஸ் ஏறிப் போவார், ஓடுகிற தறியைப் பார்ப்பார், சத்தத்தைக் கேட்பார், நூலைத் தொட்டுப் பார்ப்பார், சாயந்திரம் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். "நான் நாலு தறி மாத்திட்டேன், உங்க ஆளுங்க இன்னும் ஒரு எலிகாப்டர பாத்துகினே இருக்காங்களா? சம்பந்தம் பேசறவன் மாதிரி ஜாதகத்தையே பாத்துகினு இருந்தா பொண்ணு கெழவி ஆயிடும்யா" என்பார். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எழுதியவர் மாறிப் போவார், அடுத்து வந்தவர் இன்னும் உயரம் பறக்க வேண்டும் என்பார், அதற்கடுத்தவர் இன்னும் பாரம் தூக்க வேண்டும் என்பார், இன்னொருவர் இங்கேயே செய்ய வேண்டும் என்பார். ஒவ்வொருவர் கேட்டதும் நியாயம்தான். எல்லா நியாயத்தையும் சேர்த்துப் பார்த்தால், அப்படியொரு ஹெலிகாப்டரை உலகத்தில் எவனும் செய்து வைத்திருக்க மாட்டான். அதையும் தாண்டி ஒரு மெஷின் சோதனைக்கு வந்து நின்றது என்றால் அதுவே பெரிய விஷயம். அப்படி வந்து நின்ற வருஷம், சோதனைக் குழுவில் என்னையும் போட்டார்கள்.

மலைமேல் முகாம். இரண்டு கம்பெனிகளின் மெஷின்கள். குறிப்பிட்ட எடையைத் தூக்கிக்கொண்டு குறிப்பிட்ட உயரத்தில் அந்தரத்தில் நிற்க வேண்டும், அதுதான் சோதனையிலேயே கடினம். எடைக்கு மணல் மூட்டைகள். மூட்டைகளைத் தராசில் நிறுத்து எழுதுவது என் வேலை. முதல் மெஷினின் சோதனை முடிந்தது. நடுவில் பனி கொட்டி ஒரு வாரம் கூடாரத்திலேயே கிடந்தோம். வானம் திறந்த அன்று இரண்டாவது மெஷினுக்கு மூட்டைகளை நிறுக்கும்போதுதான் தராசில் தொங்கிய சீட்டைப் பார்த்தேன். நம் ஊர் மளிகைக் கடைத் தராசுக்கு முத்திரை போடுவார்களே, அதுபோல அதற்கும் ஒரு கெடு உண்டு. கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தராசில் கோளாறு ஒன்றும் இல்லை, முதல் நாள் என்ன காட்டியதோ அதையேதான் காட்டியது. கீழ் முகாமில் முத்திரை உள்ள இன்னொரு தராசு இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நடையில் வந்திருக்கும், மறுநாள் காலை எடை போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் அதிகாரி காலையிலிருந்து போனில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார், விரல் மரத்துப் போயிருந்தது, எல்லோருக்கும் இறங்கினால் போதும் என்றிருந்தது. பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கேன் வம்பு என்று சீட்டைத் திருப்பி விட்டுவிட்டு எடையை எழுதினேன். அந்த மெஷின் அந்தரத்தில் கல் மாதிரி அசையாமல் நின்றது. ஏகாம்பரத்திடம் போய், "வந்துட்ச்சுடா, காவடியை எடுத்துத் துடை" என்று நான்தான் சொன்னேன்.

பல மாதம் கழித்து, கீழே ஆபீசில், ஒரு காகிதம் சுற்றுக்கு வந்தது. சோதனையில் விதிக்கு மாறாக ஏதாவது நடந்திருந்தால் ஒவ்வொருவரும் எழுத வேண்டும் என்று இருந்தது. வழக்கமாக எல்லோரும் 'இல்லை' என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். என் கை நின்றது. நேர்மையால் நின்றது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். நேர்மை இல்லை கண்ணு, பயம். நாளைக்கு யாராவது அந்தச் சீட்டைத் தோண்டி எடுத்தால், எடை போட்டவன் யார் என்று கேட்பார்கள், என் பென்ஷன் போய்விடும் என்ற பயம். தராசின் கெடு அன்று முடிந்திருந்தது, எடையில் பிழை இருந்ததாகத் தெரியவில்லை, இருந்தாலும் பதிவுக்காகத் தெரிவிக்கிறேன் என்று எழுதினேன். பதிவுக்காக! அந்த வார்த்தையை எழுதும்போது ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. என் அதிகாரி படித்தார். கத்தவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா, மறுநாள் திரும்ப எடை போட்டிருப்போமே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் யாரும் திருடவில்லை, யாரும் லஞ்சம் வாங்கியதாக நான் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசிடம் விளக்கம் கேட்டது. அது மூன்றாவது ஆபீசின் கருத்தைக் கேட்டது. தோற்றுப்போன முதல் மெஷினின் கம்பெனி எப்படியோ மோப்பம் பிடித்து, தங்கள் மெஷினுக்கு முத்திரைத் தராசு, அவர்கள் மெஷினுக்கு முத்திரையில்லாத தராசா என்று புகார் எழுதியது. கேட்டால் நியாயம்தான். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஒவ்வொருவரும், பின்னால் விசாரணை வந்தால் என்ன செய்வது என்று ஒரு கேள்வியை எழுதி மேலே அனுப்பினார்கள். நான் செய்ததையேதான் அவர்களும் செய்தார்கள், என்னைவிடப் பெரிய மேசையில் உட்கார்ந்து. மெஷின் வாங்கினவனைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வாங்காமல் விட்டவனை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கடைசியில், இந்தக் கொள்முதலை ரத்து செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று உத்தரவு வந்தது. முதலிலிருந்து என்றால் பட்டியலிலிருந்து. நான் ஓய்வு பெற்று, பெட்டி படுக்கையோடு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கும்போதும் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரம் எனக்கு இளையவன், அவனுக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. மலைமேல் நின்றுபோன ஒரு மெஷினைச் சரிசெய்ய இன்னொரு பழைய மெஷினில் ஏறிப் போனான். அது திரும்பி வரவில்லை. நீ அப்போது கல்லூரியில் இருந்தாய், விபத்து என்று மட்டும் உனக்குச் சொன்னோம். என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. காற்று இருந்திருக்கலாம், மேகம் மூடியிருக்கலாம், புது மெஷினும் விழும். என் ஒரு வரி இல்லாவிட்டாலும் வேறு எவனாவது வேறு ஏதாவது வரி எழுதி அந்தக் கொள்முதலை நிறுத்தியிருக்கலாம். இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், தூக்கம் வந்ததில்லை. துக்கத்துக்கு மணவூர் போனபோது, அவன் மனைவி சகுந்தலா அத்தை என்னைப் பார்த்ததும் அழக்கூட இல்லை. "புதுசு வருது, புதுசு வருதுன்னு சொல்லிகினே இருந்தாரே, வரவே இல்லியாண்ணா?" என்று கேட்டாள். ஆபீசில் லேட் ஆகிறது என்றேன். அவர்கள் வாசல் மரத்தடியில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து நின்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு தெர்மாமீட்டரை உடைத்துவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நீயே நேராக டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். நான் லீவில் வந்திருந்தேன். "எவனும் பாக்கலன்னா நீ ஏன் போய் மாட்டிக்கற? கேட்டா மட்டும் சொல்லு, அதுபோதும்" என்று உன்னைத் திட்டினேன். "சொன்னதாலதான் டீச்சர் உடனே எல்லாரையும் தள்ளி நிக்கவெச்சு கண்ணாடிய பொறுக்கினாங்க நைனா" என்று முணுமுணுத்தாய். அது என் காதில் ஏறவில்லை. கேட்டால் மட்டும் சொல், கேட்காதவரை வாயைத் திறக்காதே என்பதுதான் நான் வேலையில் கற்றது, அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியது உன் பேச்சு இல்லை, என் பேச்சு. அதனால்தான் இல்லாத பாலைச் சாக்கு சொல்லிப் போனை வைத்தேன்.

சரி, கேட்டதற்குப் பதில். எழுதாதே என்று நான் சொல்லவில்லை. கண்டும் காணாமல் விடு என்றும் சொல்லவில்லை. அப்படி விட்டால் அது பொய், நாளைக்கு அந்த மெஷினில் ஏறுகிறவன் தலையில்தான் விடியும். நீ பார்த்ததை இப்போதே சொல். மெஷின் அங்கே நிற்கும்போதே, பைலட்டும் கம்பெனிக்காரனும் அங்கே இருக்கும்போதே, மறுபடி ஒரு தடவை செய்து பார்க்க முடிகிற இடத்திலேயே வாயைத் திறந்து சொல். அங்கே சொன்னால் ஒரு நாள் வேலை. கீழே இறங்கிக் காகிதத்தில் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, நிறுத்தத்தான் முடியும். மூஞ்சியைத் தூக்குவார்கள்தான். "இந்தப் பொண்ணு பெரிய இவ" என்பார்கள். டீ குடிக்கக் கூப்பிட மாட்டார்கள். ரெண்டு நாள் தனியாக டீ குடி, ஒன்றும் குறைந்துவிடாது. மறுபடி செய்து பார்த்தபின், செய்தோம், சரியாக வந்தது, அல்லது வரவில்லை என்று எழுது. அந்த எழுத்தை வைத்து ஒருவன் தைரியமாகக் கையெழுத்துப் போட முடியும். வரவில்லை என்றால் அதுவும் நல்லதுதான், சனியன் விட்டது என்று அடுத்ததைப் பார்க்கலாம். உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் ஒரு வரியைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறாதே.

இவ்வளவையும் உனக்கு எழுதிவிட்டு சகுந்தலாவிடம் சொல்லாமல் இருந்தால், நான் மறுபடி காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்றுதான் அர்த்தம். அதனால் நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, "ரயிலு பத்தே காலுக்கு" என்றாள். முட்டி வலியோடு அந்த ரயிலிலேயே போய் மணவூரில் இறங்கினேன். சகுந்தலா வாசலில் வேர்க்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொன்னேன், தராசுச் சீட்டிலிருந்து பதிவுக்காக வரை. அரக்கோணம் பக்கமிருந்து ஒரு விமானம் தலைக்கு மேல் போனது. சத்தம் அடங்கும்வரை நிறுத்தியிருந்து மிச்சத்தையும் சொன்னேன். கடலையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கே சொன்னீங்கன்னா இன்னாண்ணா, அடிச்சிடுவாங்களா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். "குளிரு" என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. "எம் பொண்ணுக்கும் இப்ப அதே வேலை போட்டுக்கிறாங்க, அடுத்த வாரம் மலைக்குப் போறா" என்றேன். அப்போதுதான் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல எதுல போவுது பாப்பா? புதுசுலயா, பழசுலயா?"

பொய் சொல்ல வாய் வந்தது. பால் வைத்திருக்கிறேன் என்று சொன்ன அதே வாய். "பழசுலதான்" என்றேன்.

அவள் மறுபடி கடலையைக் கிளறத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் நான் நடந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அண்ணா, சனிக்கிழமைக்குள்ள சொல்லிடச் சொல்லுங்க பாப்பாவ. புதுச சீக்கிரம் வாங்கிடட்டும்."

சொல்லிவிட்டேன், கண்ணு.

உன் நைனா